வீட்டுக்கு ஒரு ஐபி முகவரி கேட்பது பேராசை இல்லை

"ஓடிக்கிட்டு இருக்கறத எதுக்குங்க தம்பி நோண்டணும்?"

பொள்ளாச்சிப் பக்கம் ஃபைபர் இணைப்பு தரும் அண்ணன் ஒருவர் என்னிடம் கேட்டது இது. முன்பு கேபிள் டிவி நடத்தியவர். இன்று சுற்றுவட்டாரத்தில் நாலாயிரம் வீடுகளுக்கு இணையம் போவது அவர் இழுத்த கம்பியில்தான். ரவுட்டர், சர்வர் என்று ஏதாவது மக்கர் செய்தால் என்னைக் கூப்பிடுவார். அப்படிப் போயிருந்த ஒரு சாயங்காலம், "அண்ணா, இனியும் தள்ளிப்போடாம ஐபிவி6-ஐ ஓட விட்றலாம்" என்றேன். அதற்கு வந்த பதில்தான் மேலே இருப்பது.

நியாயமான கேள்விதான். முப்பது வருடமாக உலகத்தின் பெரிய நெட்வொர்க் நிபுணர்கள் மாநாட்டுக்கு மாநாடு கேட்டுக்கொண்டிருப்பதும் இதையேதான். அன்றைக்கு அவரிடம் சொன்னதையும், சொல்ல நேரம் கிடைக்காமல் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பேசும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் வேண்டும். அதுதான் ஐபி முகவரி. 192.168.1.1 என்பது போல நாம் பார்த்துப் பழகியவை நான்காம் பதிப்பு, அதாவது ஐபிவி4. ஒவ்வொரு முகவரியும் 32 பிட் நீளம். அந்த நீளத்தில் மொத்தமே 429 கோடி எண்கள்தான் எழுத முடியும். 1977 வாக்கில் இந்த நீளத்தை முடிவு செய்தவர்களில் முக்கியமானவர் விண்ட் செர்ஃப். சோதனைக்கு இது போதும், உண்மையாகவே பயன்பாட்டுக்கு வரும்போது பெரிதாக்கிக்கொள்ளலாம் என்றுதான் அன்று நினைத்ததாகவும், அந்தச் சோதனை முடியாமலே உலகம் முழுக்கப் பரவிவிட்டதாகவும் அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1981 செப்டம்பரில் அதற்கான ஆவணம் வந்தது. 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் அதற்கு மாறியது. அன்று மாற வேண்டியிருந்தவை சில நூறு கணினிகள். சில மாதங்களில் முடிந்தது.

அந்தக் காலத்தில் கேட்டவர்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். எம்ஐடி என்ற ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்கு 1,67,77,216 முகவரிகள். ஆப்பிளுக்கு அதே அளவு. கார் செய்யும் ஃபோர்டுக்கு, புருடென்ஷியல் இன்சூரன்ஸுக்கு, அமெரிக்கத் தபால் துறைக்கு, ஒவ்வொன்றுக்கும் அதே அளவு. அமெரிக்க ராணுவத்துக்கு இப்படிப்பட்ட தொகுதிகள் பத்துக்கும் மேல். ஸ்டான்ஃபோர்டு 2000-ல் தன் தொகுதியைத் திருப்பிக் கொடுத்தது. அப்படிச் செய்தவர்கள் மிகச் சிலர்தான். இப்போது நம் பக்கம் பாருங்கள். இந்தியா முழுவதற்கும் சேர்த்து இருக்கும் ஐபிவி4 முகவரிகள் நான்கு கோடி அளவில்தான். நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கும் நாடு. 'இருப்பதே போதும், மாறத் தேவையில்லை' என்று யாராவது சொன்னால், அவர் எந்த ஊரில் உட்கார்ந்து சொல்கிறார் என்று முதலில் பார்ப்பது என் வழக்கம்.

முகவரி தீரப்போகிறது என்பது 1990-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்கான தீர்வு பற்றிய சண்டைதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1992 ஜூனில் ஜப்பானின் கோபே நகரில் கூடிய இணையக் கட்டமைப்புக் குழு, அடுத்த பதிப்புக்கு சிஎல்என்பி என்ற நெறிமுறையை அடிப்படையாக எடுத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. அது ஓஎஸ்ஐ என்ற போட்டி முகாமில் பிறந்தது. அரசாங்கங்களும் தொலைபேசி நிறுவனங்களும் கமிட்டி போட்டு உருவாக்கியது. இணையத்தைக் கையால் கட்டி ஓட விட்டுக்கொண்டிருந்த பொறியாளர்களுக்குக் கோபம் தலைக்கேறியது. எங்களைக் கேட்காமல் நாலு பேர் உட்கார்ந்து முடிவு செய்வதா என்று அடுத்த மாதமே மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் நடந்த, இணைய நெறிமுறைகளை எழுதும் ஐஇடிஎஃப் அமைப்பின் கூட்டத்தில் வெடித்தார்கள். அங்கேதான் டேவ் கிளார்க், நமக்கு ராஜாக்களும் வேண்டாம், ஓட்டெடுப்பும் வேண்டாம், ஏறக்குறைய எல்லோரும் ஒத்துக்கொள்வதும் உண்மையில் ஓடுகிற நிரலும் இருந்தால் போதும் என்ற பொருளில் பேசினார். இன்றுவரை ஐஇடிஎஃப் கூட்டங்களில் அதை மந்திரம் போலச் சொல்கிறார்கள். எப்போதும் மூன்று உருப்படி சூட் போட்டு வரும் விண்ட் செர்ஃப் அதே கூட்டத்தில் மேடையில் நின்று கோட்டைக் கழற்றி, டையைக் கழற்றி, சட்டையையும் கழற்றி, உள்ளே போட்டிருந்த பனியனைக் காட்டினார். எல்லாவற்றின் மேலும் ஐபி ஓட வேண்டும் என்பதுதான் அதில் எழுதியிருந்த வாசகம். கூட்டம் குளிர்ந்தது. கோபே முடிவு கைவிடப்பட்டது.

பிறகு பல யோசனைகள் போட்டியிட்டன. 1994 ஜூலையில் டொரண்டோ கூட்டத்தில் எஸ்ஐபிபி என்ற யோசனை தேர்வானது. அதில் முதலில் முகவரி நீளம் 64 பிட். இனி ஒரு முறை இந்தப் பாடு படக் கூடாது என்று 128 பிட்டாக நீட்டினார்கள். 1995 டிசம்பரில் அதுவே ஐபிவி6 என்ற பெயரில் ஆவணமாக வந்தது. (ஐந்தாம் எண் என்னவாயிற்று என்று கேட்பவர்களுக்கு: அதை எஸ்டி என்ற சோதனை நெறிமுறை ஒன்று ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்தது.) 128 பிட் என்றால் 340-க்குப் பின்னால் 36 சுழியம். ஒரு வீட்டு வைஃபைக்குக் கொடுக்கும் மிகச் சிறிய துண்டுக்குள் இன்றைய முழு ஐபிவி4 இணையத்தையும் 429 கோடி முறை போட்டு அடைக்கலாம். இடம் போதாது என்ற பேச்சே இனி இல்லை.

அப்படியென்றால் ஏன் மாறவில்லை?

ஐபிவி6-ஐ எதிர்த்தவர்கள் சொன்னவற்றில் உண்மை இருக்கிறது. அதை ஒத்துக்கொள்ளாமல் இந்த விவாதத்தில் இறங்கக் கூடாது என்பது என் கருத்து. முதல் உண்மை: ஐபிவி6 மட்டும் உள்ள கருவியால் ஐபிவி4 மட்டும் உள்ள கருவியோடு நேரடியாகப் பேச முடியாது. இரண்டும் ஒரே கம்பியில் ஓடும் இரண்டு தனித்தனி வலைகள். டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணிதப் பேராசிரியர் 2000-களின் தொடக்கத்திலேயே இதைக் கடுமையாக எழுதினார். புதியதற்கு மாறுகிறவனுக்கு உடனடியாக ஒரு லாபமும் இல்லை, பழையதையும் விட முடியாது, பிறகு எவன் மாறுவான் என்பது அவர் வாதம். நடந்ததும் அப்படித்தான்.

ஆனால் இதிலேயே ஒரு நியாயமும் இருக்கிறது. பழைய பாக்கெட்டில் முகவரி எழுத ஒதுக்கிய இடமே 32 பிட்தான். எவ்வளவு சாமர்த்தியமாக வடிவமைத்தாலும், 33-ஆவது பிட்டைப் பழைய ரவுட்டர் படிக்காது. எந்த நீளமான முகவரியைக் கொண்டுவந்திருந்தாலும் பழைய கருவி எல்லாவற்றையும் தொட்டே ஆக வேண்டியிருந்திருக்கும். ஐபிவி6-ஐ வடிவமைத்தவர்களை நான் குறை சொல்வது வேறு விஷயத்துக்கு. முகவரியை மட்டும் நீட்டியிருக்கலாம். கருவிகள் தாமாக முகவரி அமைத்துக்கொள்ளும் முறை, அண்டைக் கருவியைத் தேடும் முறை என்று ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினார்கள். பழைய முறைகளில் தேர்ந்தவர்கள் எல்லாவற்றையும் திரும்பப் படிக்க வேண்டியதாயிற்று. அதிலும் சில சண்டைகள் தீரவே இல்லை. அலுவலக நெட்வொர்க் நடத்துகிறவர்கள் டிஹெச்சிபிவி6 மூலம் முகவரி கொடுக்கப் பழகியிருக்க, ஆண்ட்ராய்டு அதை வாங்கிக்கொள்ள மறுத்தே வந்தது. அதற்காக வருடக்கணக்கில் வாதம் நடந்தது.

இன்னொரு பக்கம், மாற வேண்டிய அவசரத்தையே தணித்துவிட்ட ஒன்று வந்தது. 1994 மே மாதம் எகெவாங், பிரான்சிஸ் என்ற இருவர் எழுதிய ஆவணம் அது. ஒரு முகவரியைப் பல கணினிகள் பங்கு போட்டுக்கொள்ளும் வழி. நாட் என்று இன்று நாம் அழைப்பது. குறுகிய காலத்துக்கு ஏற்ற வழி என்றுதான் அவர்களே அதைச் சொன்னார்கள். உங்கள் வீட்டு ரவுட்டரில் இன்றும் அதுதான் ஓடுகிறது. வீட்டில் போன், டிவி, லேப்டாப் என்று எத்தனை இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே முகவரி. வீட்டளவில் அது பெரிய தொல்லையில்லை. ரவுட்டர் நம் கையில் இருக்கிறது, வேண்டிய கதவை நாமே திறந்துகொள்ளலாம்.

முகவரி உண்மையாகவே தீர்ந்தபோதுதான் நிலைமை கெட்டது. 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பு காலியானது. ஐந்து பிராந்தியப் பதிவகங்களுக்கும் ஆளுக்கு ஒன்றாகக் கடைசித் தொகுதிகளைப் பிரித்துக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். நம் ஆசியப் பசிபிக் பகுதிக்கான ஏபிநிக், அதே வருடம் ஏப்ரல் 15 அன்று கடைசித் தொகுதியில் கை வைத்தது. உலகத்திலேயே முதலில் வறண்டது நம் பகுதிதான். அதன் பிறகு வந்த நிறுவனங்களுக்கு ஆளுக்கு 1024 முகவரிகள், 2019 முதல் 512 மட்டும். பொள்ளாச்சி அண்ணனிடம் இருப்பதும் அந்த 512-தான். வீடுகளோ நாலாயிரம்.

அவர் என்ன செய்வார்? நாட்-க்கு மேல் இன்னொரு நாட் போட்டார். இதற்குப் பெயர் சிஜிநாட். பெரிய அடுக்குமாடி ஒன்றில் எந்த வீட்டுக்கும் தனிக் கதவு எண் இல்லாமல், எல்லாத் தபாலும் வாட்ச்மேன் பெயருக்கே வந்து, யார் எப்போது கடிதம் போட்டார்கள் என்று அவர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பதிலைப் பிரித்துக் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முதலில் கடிதம் போட்டிருந்தால் பதில் வரும். உங்களைத் தேடி யாராவது புதிதாக எழுதினால், அது யாருக்கு என்றே வாட்ச்மேனுக்குத் தெரியாது.

இதை நேரில் பார்த்த இடம் உடுமலைப்பேட்டையில் என் சித்தப்பாவின் உரக்கடை. கடையில் நான்கு கேமரா வைத்திருக்கிறார். வீடு இரண்டு கிலோமீட்டர் தள்ளி. ராத்திரி போனில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். கேமரா மாட்ட வந்த பையன் ரவுட்டரில் போர்ட் எல்லாம் திறந்துவிட்டுப் பார்த்தான், வரவில்லை. நான் போய் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன். வெளி இணைப்புக்கு நேரே இருந்த எண் 100.72 என்று தொடங்கியது. இணையத்தில் என் முகவரி என்ன என்று தேடினால் 103-ல் தொடங்கும் வேறு ஒன்று. விஷயம் அதிலேயே முடிந்துவிட்டது. 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்களை 2012-ல் இந்தச் சிஜிநாட்டுக்கென்றே ஒதுக்கி வைத்தார்கள். அதைப் பார்த்தால் உங்கள் ரவுட்டருக்கு இணையத்தில் முகவரியே இல்லை என்று அர்த்தம். இணைப்பு தந்த நிறுவனத்தைக் கேட்டால், நிலையான ஐபி வேண்டுமானால் மாதம் தனிக் கட்டணம் என்றார்கள். கடைசியில் கேமரா செய்த நிறுவனத்தின் கிளவுட் வழியாகத்தான் பார்க்கிறார். கடைக்குள் நடப்பது ஏதோ ஒரு நாட்டு சர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பி, இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சித்தப்பாவின் போனுக்கு வருகிறது. "நம்ம கடைய நாம பாக்கறதுக்கு அவன எதுக்குடா நடுவுல விடணும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நாட் போதும் என்பவர்களிடம் நான் கேட்பதும் சித்தப்பா கேட்டதைத்தான். யூடியூப் பார்க்க, வாட்ஸ்அப்பில் பேச, நாட் போதும், மறுக்கவில்லை. ஆனால் இணையம் தொடங்கியபோது அதில் இருந்த ஒவ்வொரு கணினியும் கேட்கவும் முடியும், கொடுக்கவும் முடியும். தன் வீட்டு மேசையில் ஒரு சர்வர் வைத்து உலகத்துக்குப் பக்கம் காட்ட முடியும். சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கும் வீடு வாங்க மட்டுமே முடியும். கொடுக்க வேண்டும் என்றால் நடுவில் ஒரு பெரிய நிறுவனத்தின் சர்வர் வேண்டும். முன்னால் வந்த நாடுகளில் பல வீடுகளுக்குச் சொந்த முகவரி இருக்கிறது. பின்னால் வந்த நமக்கு இல்லை.

வேறு தொல்லைகளும் உண்டு. ஒரு முகவரியில் 65,536 போர்ட்தான். அதைப் பங்கு போட்டால் ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும். ஜப்பானின் என்டிடி நிறுவனத்தைச் சேர்ந்த ஷின் மியாகாவா, ஒரு வாடிக்கையாளருக்கான இணைப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போனால் கூகுள் வரைபடம் எப்படிக் கட்டம் கட்டமாக ஓட்டை விழுந்து தெரியும் என்று படம் எடுத்துக் காட்டினார். மாநாடுகளில் அந்தப் படங்களைப் பார்க்காதவர்கள் குறைவு. பக்கத்து வீட்டுக்காரர் கணினியில் வைரஸ் புகுந்து கண்டபடி அனுப்பினால், அதே முகவரியில் இருக்கும் உங்களிடம் கூகுள் 'நீங்கள் மனிதர்தானா' என்று போக்குவரத்து விளக்குகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். காவல்துறைக்கு இது இன்னும் பெரிய தலைவலி. ஐபி முகவரியை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது, நொடியும் போர்ட்டும் சேர்த்துத் தெரிய வேண்டும். 2017-ல் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோப்போலே இதைப் பற்றி வெளிப்படையாகக் குரல் எழுப்பியது.

இனி பணம். முகவரிக்கு ஒரு சந்தை உருவாகிவிட்டது, தட்டுப்பாட்டைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தச் சந்தையில் என்ன நடந்தது? திவாலான நார்டெல் நிறுவனத்திடமிருந்து 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 2011-ல் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒன்றுக்குப் பதினொன்றேகால் டாலர். பத்து வருடங்களில் விலை அதைப் போல நான்கு மடங்குக்கு மேல் போய், பிறகு கொஞ்சம் இறங்கியது. எம்ஐடி தனக்குச் சும்மா கிடைத்ததில் பெரிய ஒரு பங்கை 2017-ல் அமேசானுக்கு விற்றது. அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்கள் சோதனை செய்து பார்க்க என்று ஒதுக்கியிருந்த தொகுதியில் கால் பங்கு, சுமார் 40 லட்சம் முகவரிகள், 2019-ல் பத்துக் கோடி டாலருக்கு மேல் கைமாறியது. வாங்கியது அதே அமேசான். 2024 பிப்ரவரி முதல் அமேசான் தன் கிளவுடில் இருக்கும் ஒவ்வொரு ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வாடகை வாங்குகிறது. மாதத்துக்கு முன்னூறு ரூபாய் அளவில் வரும். முகவரிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். பொள்ளாச்சிக்கு அவை வரப்போவதில்லை.

ஒதுக்கி வைத்திருக்கும், 240 முதல் மேலே உள்ள 26 கோடிச் சொச்சம் முகவரிகளைத் திறந்துவிடலாமே என்ற யோசனையும் அவ்வப்போது வருகிறது. அதையும் உலகத்தின் எல்லா ரவுட்டர்களும் ஏற்றுக்கொள்ளும்படி மாற்ற வேண்டும். அந்த உழைப்பை ஐபிவி6-இல் போட்டுவிடலாம் என்பதோடு அதை நான் விட்டுவிடுவேன்.

இவற்றையெல்லாம் விட கனமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அதை முன்வைப்பவர் ஏபிநிக்கிலேயே தலைமை விஞ்ஞானியாக இருக்கும் ஜெஃப் ஹஸ்டன். முகவரிக் கையிருப்பு எப்படிக் குறைகிறது என்று வருடக்கணக்கில் கணக்கெடுத்து எழுதிவந்தவர் அவர். அவர் சொல்வதன் சாரம் இது: இன்றைய இணையத்தில் முகவரிக்கு மதிப்பே குறைந்துவிட்டது. நீங்கள் பார்க்கும் படமும் பக்கமும் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சிடிஎன் சர்வரிலிருந்து வருகின்றன. சேவையை அடையாளம் காட்டுவது பெயர்தான், எண் இல்லை. ஒரே எண்ணுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான தளங்கள் இருக்கின்றன. எனவே மாற்றம் முழுதாக முடியாமலே போகலாம், அதனால் பெரிய கேடும் வராமல் இருக்கலாம்.

இதைப் படித்தபோது என்னால் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. இன்றைய நிலவரத்தை அவர் உள்ளபடியே சொல்கிறார். ஆனால் அவர் விவரிக்கும் இணையம் சில பெரிய நிறுவனங்களின் கிடங்குகளும், அவற்றிலிருந்து வாங்குகிற கோடிக்கணக்கான வீடுகளும் மட்டுமே உள்ள ஒன்று. அதை நாம் ஏன் விதி என்று ஏற்க வேண்டும்? முகவரி இல்லாததால்தான் பாதி அப்படி ஆனது. முகவரி கொடுத்துப் பார்த்துவிட்டு, அப்போதும் யாரும் தன் வீட்டில் சர்வர் வைக்கவில்லை என்றால் ஹஸ்டன் சொல்வதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

இந்தியா இந்தக் கதையில் பின்தங்கிய நாடு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது கோடிக்கணக்கான போன்களுக்குக் கொடுக்க அதனிடம் பழைய முகவரி கிடையாது. தொடக்கத்திலேயே ஐபிவி6-இல் கட்டினார்கள். அதுவரை ஓரிரு சதவீதத்தில் கிடந்த இந்தியா சில மாதங்களில் உலகின் முன்வரிசைக்கு வந்தது. மற்ற மொபைல் நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இன்று நம் இணையப் பயனர்களில் பெரும்பான்மையானோர் ஐபிவி6 வைத்திருக்கிறார்கள், உலக சராசரியைவிட அதிகம். உங்கள் போனில் வைஃபையை அணைத்துவிட்டு, அமைப்புகளில் 'போனைப் பற்றி' என்ற இடத்தில் ஐபி முகவரியைப் பாருங்கள். ஜியோவாக இருந்தால் 2409 என்று தொடங்கும் நீளமான ஒன்று இருக்கும். அதுதான் உங்களுக்கே உங்களுக்கான முகவரி. அதன் கூடவே பல போன்களில் 192.0.0.4 என்று ஒரு குட்டி எண்ணும் தெரியும். அது பழைய செயலிகளுக்காகப் போன் தனக்குள்ளேயே போட்டுக்கொள்ளும் பொய் முகவரி. பழைய தளங்களுக்குப் போகும் பாக்கெட்டை அது புதிய வடிவத்துக்கு மாற்றி அனுப்ப, நிறுவனத்தின் பக்கம் இருக்கும் கருவி திரும்பப் பழைய வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. இரண்டு வலைகளும் பேசாது என்று முப்பது வருடம் முன்பு பயந்ததற்கு, 2013-ல் ஆவணமான இந்த 464எக்ஸ்லாட் நல்ல பதில்.

மொபைலில் இப்படி இருக்க, தேங்கிக் கிடப்பது வீட்டு பிராட்பேண்டும் அரசு, வங்கி, பத்திரிகைத் தளங்களும்தான். தொலைத்தொடர்புத் துறை 2010-லேயே வழித்திட்டம் வெளியிட்டது, 2013-ல் இரண்டாவது பதிப்பு வந்தது, கெடுக்கள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தன. கெடு வைத்தால் அதைக் கடைப்பிடிக்க ஆள் வேண்டும். செக் நாட்டு அரசு 2032 ஜூன் 6-க்குப் பிறகு தன் சேவைகளை ஐபிவி4-இல் தருவதில்லை என்று நாள் குறித்துவிட்டது. நாமும் அப்படி ஒரு முடிவு நாளைக் குறிக்க வேண்டும். இரண்டு வலைகளையும் சேர்த்து எத்தனை காலம் ஓட்டுவது? செலவும் இரட்டிப்பு, பாதுகாப்பு வேலையும் இரட்டிப்பு.

நாட் போனால் பாதுகாப்பும் போய்விடும் என்ற பயத்துக்கு ஒரு வார்த்தை. வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது ரவுட்டரில் இருக்கும் ஃபயர்வால். ஐபிவி6-இலும் அது அப்படியே இருக்கும். நாம் திறந்தால் ஒழிய எதுவும் உள்ளே வராது. மலிவான ரவுட்டர் வாங்கும்போது மட்டும் அந்த வசதி இயல்பாகவே போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி அண்ணனை மசிய வைத்தது இந்த வரலாறு ஒன்றும் இல்லை. பதிவேடுதான். சிஜிநாட் போட்டால் எந்த வாடிக்கையாளர் எந்த நொடியில் எந்த போர்ட்டைப் பயன்படுத்தினார் என்று எழுதி வைக்க வேண்டும். 2021 டிசம்பரில் உரிம விதியைத் திருத்தி, அதை இரண்டு வருடம் வைத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். அவர் அறையில் அதற்கென்றே டிஸ்க் அடுக்கிய சர்வர் ஒன்று இரைந்துகொண்டிருக்கிறது. சிஜிநாட் பெட்டியும் அதன் எல்லையை நெருங்கிவிட்டது. புதிது வாங்க லட்சங்கள் ஆகும். "அண்ணா, யூடியூப், ஃபேஸ்புக், நெட்ஃபிளிக்ஸ் மூணும் ஐபிவி6-ல இருக்கு. திறந்து விட்டா உங்க டிராஃபிக்ல பாதிக்கு மேல இந்தப் பெட்டிப் பக்கமே வராது. பெட்டியும் மாத்த வேண்டாம், லாகும் குறையும்" என்றேன். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இந்தியப் பதிவகமான ஐரின், அவரைப் போன்றவர்களுக்குத் தரும் ஐபிவி6 தொகுதி ஒன்றை எடுத்து, வீட்டுக்கு 256 நெட்வொர்க் வீதம் பிரித்தால் 1,67,77,216 வீடுகளுக்குக் கொடுக்கலாம். எம்ஐடிக்கு அன்று கிடைத்த முகவரிகளின் எண்ணிக்கை எதுவோ, அத்தனை வீடுகள். முதலில் அவர் வீட்டு இணைப்பில் மட்டும் போட்டோம். ஃபைபர் இணைப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் பழைய ஓஎல்டி கருவி ஒன்று மல்டிகாஸ்ட் பாக்கெட்டுகளை விழுங்கிக்கொண்டிருந்ததால் வீட்டு ரவுட்டருக்கு முகவரி போய்ச் சேரவே இல்லை. அந்த அமைப்பைத் திருத்திய பிறகு வந்தது. ரவுட்டரில் வயர்கார்டு என்ற விபிஎன் போட்டு ஒரே ஒரு கதவை மட்டும் திறந்தேன். அவர் போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில், நடுவில் யாரும் இல்லாமல், தன் வீட்டு மாட்டுத் தொழுவக் கேமராவைப் பார்த்தார். இப்போது பகுதி பகுதியாக வாடிக்கையாளர்களுக்குத் திறந்துகொண்டிருக்கிறார்.

இதைப் படிக்கிற உங்களிடம் இரண்டு கேட்கிறேன். வீட்டு வைஃபையில் இருந்தபடி உங்கள் ஐபி முகவரி என்ன என்று தேடிப் பாருங்கள். நீளமான ஐபிவி6 முகவரி வரவில்லை என்றால், இணைப்பு தருபவரைக் கூப்பிட்டு, ஐபிவி6 எப்போது தருவீர்கள் என்று கேளுங்கள். கூடுதல் கட்டணம் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பஞ்சமே இல்லாத பொருளுக்கு வாடகை எதற்கு? இரண்டாவது, சொந்தமாகத் தளம் நடத்துபவர்களுக்கு: உங்கள் சர்வரில் ஐபிவி6-ஐ இயக்கி, டிஎன்எஸ்ஸில் நான்கு 'ஏ' கொண்ட அந்தப் பதிவைச் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான ஹோஸ்டிங்கில் அரை மணி நேர வேலைதான். சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள், எனக்குத் தெரிந்தவரை உதவுகிறேன்.